அகராதியில் நம் இல்லத்துச் சொற்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இருப்புப்பாதை 1923-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அப்பாதையிலுள்ள நிலையங்களின் பெயர்களை வரிசையாகப் படிப்போர்க்கு, ஒரு சிறு அகராதியின் ஏடு கண்முன் விரிவது போலத் தோன்றும். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர் என அப்பெயர்கள் தொடர்கின்றன. வைணவம் மணக்கும் பெயர்களை அடுத்துப் பாலஸ்தீனத்து ஊரொன்றின் பெயர் வருகின்றது. முஸ்லிம்கள் நிறைந்து வாழும் ஊரோ, கடலை அடுத்த கழிநீர்ப் பரப்பைக் குறிக்கும் ‘காயல்’ என்னும் செந்தமிழ்ச் சொல்லைத் தன் பெயராகத் தாங்கி நிற்கின்றது.

நாசரேத் முன்னாளில் சாண்பத்து எனப்பட்ட சிற்றூர். கிறிஸ்தவ சமயத்தைத் தழுவிய மக்கள், தம் புதுவாழ்வுக்கு ஏற்ற புதுப்பெயரை விரும்பி, ஈசா நபி (அலை) அவர்கள் வாழ்ந்த ஊரின் பெயரை இம்மண்ணுக்கு இட்டனர். அரபியர் அவ்வூரை அந்நாஸிரா என்பர். இவ்வட்டாரத்தில் 1799-இல் தோன்றிய முதலூரும், அதன்பின் எழுந்த மெஞ்ஞானபுரமும், சாயர்புரமும் இவ்வாறே பெயர் பெற்றவை. ஒன்று தமிழ்ச் சொற்களால் ஆன புதுப்பெயர், மற்றொன்று வேற்று மொழிப் பெயரும் தமிழ்ப் ‘புர’மும் இணைந்த கலப்பு, நாசரேத்தோ முழுதும் இறக்குமதி. இன்று இம்மூன்றும் தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களே. அவற்றை அயலென்று எவரும் ஒதுக்குவதில்லை.

ஊர்ப்பெயர்களுக்கு நேர்ந்தது ஏனைய சொற்களுக்கும் நேர்ந்திருக்கின்றது. முத்துக்குளித்துறை எனப்படும் இக்கடற்கரையில் வாழ்ந்த மக்கள், நூற்றாண்டுகள் பலவாகப் புதுச் சொற்களைப் படைத்தும், பழஞ்சொற்களில் புதுப்பொருளை நிறைத்தும் வந்துள்ளனர். ஆயினும் சொல்லைப் படைத்தோர் பலராக இருக்க, அதனை அகராதியில் எழுதியோர் மிகச் சிலரே. எழுதப்பெறாத சொல், சில தலைமுறைகள் கழிந்ததும் இருந்ததே இல்லை எனக் கருதப்படும். இன்று, எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் முறையில் இணையத்தில் ஒரு தமிழ் அகராதி வளர்ந்து வருகின்றது. அதில் நம் பங்கு யாது என்று கேட்குமுன், நம் முன்னோர் சொற்களைக் கையாண்ட வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம்.

பழைய கலமும் புதிய பொருளும்

இன்று நமக்குக் கிடைக்கும் முழுமையான இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முற்பட்டது வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’. அது 1572-இல் மதுரையில் அரங்கேறியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1578-இல், ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூல் கொல்லத்தில் அச்சாயிற்று. தமிழெழுத்தில் இந்திய மண்ணில் அச்சிடப்பெற்ற முதல் நூல் அது. அதனைத் தமிழாக்கிய அன்றிக் அடிகளார் என்னும் போர்த்துகீசியப் பாதிரியார், காயல்பட்டினத்துக்கு வடக்கே தாமிரபரணி கடலில் கலக்குமிடத்திலுள்ள புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்றவர். அவருடைய மற்றொரு நூலான ‘அடியார் வரலாறு’ 1586-இல் அச்சேறியது.

ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு சமயத்தாரும் ஒரே வினாவை எதிர்கொண்டனர். தமிழுக்குப் புதிதான ஒரு நெறியைத் தமிழில் எவ்வாறு சொல்வது? பாதிரியார் இறைவனைக் குறிக்கச் சைவர் வழங்கிய ‘தம்பிரான்’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டார். புலவரோ வினா என்னும் பொருளுடைய ‘மசலா’ என்னும் அரபுச் சொல்லையே நூற்பெயரில் வைத்தார். மசலாவைத் தொடர்ந்து கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து எனப் புதிய இலக்கிய வகைகள் தமிழில் தோன்றின. போர்ப்பாட்டு வகைக்குப் ‘படைப்போர்’ என்று தூய தமிழ்ப்பெயரையே சூட்டினர். உமறுப் புலவர் தம் சீறாப்புராணத்தை விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என்று பகுத்தார். அரபுச் சொல்லின் பின்னே ‘காண்டம்’ வந்து நிற்பதைக் கேட்ட தமிழ்ச்செவி அதனை உறுத்தலாக எண்ணவில்லை.

ஏட்டில் புலவர்கள் செய்ததைவிட, இல்லத்திலும் தெருவிலும் பொதுமக்கள் செய்தது பெரிது. ‘தொழு’ என்பது தமிழின் தொன்மையான வினைச்சொல். அதிலிருந்து பிறந்த ‘தொழுகை’, இன்று தமிழர் எவர் செவியில் விழுந்தாலும் ஐவேளை வணக்கத்தையே முதலில் நினைவூட்டுகின்றது. ‘பள்ளி’ என்பது சமணத் துறவியர் தங்குமிடமாக இருந்தது, பின்னர்ப் பிள்ளைகள் கற்குமிடமாயிற்று, பள்ளிவாசலும் ஆயிற்று. ‘ஓது’ என்னும் வினையோ சிவன் கோயிலில் ஓதுவாரையும், நம் இல்லத்தில் மதரசாவுக்கு ஓதச் செல்லும் பிள்ளையையும் ஒருங்கே சுமக்கின்றது. ‘நோன்பு’ என்னும் சொல்லை மூன்று சமயத்தாரும் தத்தமக்கு உரியதாகவே கருதுகின்றனர்.

அரபியிலிருந்து வந்த சொற்களுக்கும் தமிழ் தன் உடையை அணிவித்தது. பாங்கு சொல்லும் முஅத்தின், தமிழின் மதிப்பு விகுதியான ‘ஆர்’ சேர்ந்து ‘மோதினார்’ ஆனார். இறப்பைக் குறிக்கும் மவுத், தமிழ் வினையோடு கூடி ‘மவுத்தானார்’ என்று நின்றது. கப்பல் வழிகாட்டியைக் குறித்த ‘முஅல்லிம்’ என்னும் சொல்லே ‘மாலுமி’ ஆயிற்று என்பர். வக்கீல், வசூல், பாக்கி, அசல், நகல், ரத்து, இனாம், கைதி ஆகியவை அரபி மூலமுடையவை எனினும், சமய வேறுபாடின்றித் தமிழர் யாவர் நாவிலும் புழங்கியவை.

இவ்வனைத்துக்கும் மேலாகக் குறிப்பிடத்தக்கது அரபுத்தமிழ். அரபி நெடுங்கணக்கில் ப, ட, ண, ள, ழ முதலிய ஒலிகளுக்கு எழுத்தில்லை. நம் முன்னோர் அரபி எழுத்துகளின்மேல் புள்ளிகளைக் கூட்டியும் மாற்றியும் இவ்வொலிகளுக்கு வடிவம் கண்டனர். கீழக்கரையில் வாழ்ந்து 1898-இல் மறைந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் இவ்வெழுத்தில் நூல்கள் இயற்றினார்கள். தமிழ் நெடுங்கணக்கைக் கற்கும் வாய்ப்புப் பெறாத பெண்மணிகள் பலரும், குர்ஆன் ஓதக் கற்ற அதே எழுத்தின் துணையால் தமிழ் நூல்களைப் படித்தனர். அச்சுக்கூடங்களில் தமிழெழுத்து பரவியபின் இம்மரபு தளர்ந்தது. அவ்வேடுகளில் மட்டுமே வாழ்ந்த சொற்களும் அவற்றோடு உறங்குகின்றன.

அகராதி செய்தோர்

சொற்களைத் தேடித் தொகுக்கும் கலையில் அரபியர் முன்னோடிகள். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அவர்கள் ‘கிதாபுல் ஐன்’ என்னும் அகராதிக்கு அடித்தளமிட்டார்கள். அக்காலத்து மொழியறிஞர்கள், எழுதப் படிக்கத் தெரியாத பாலைவன நாடோடிகளிடம் சென்று, அவர்தம் பேச்சைக் கேட்டுச் சொற்களைக் குறித்துக்கொண்டனர். நகரத்துப் பண்டிதனைவிட ஒட்டகம் மேய்ப்பவனின் நாவையே அவர்கள் சான்றாக ஏற்றனர். இம்மரபில் வந்த இப்னு மன்ஸூர், 1290-இல் ‘லிசானுல் அரப்’ என்னும் பேரகராதியை நிறைவு செய்தார்.

தமிழில் நிகண்டுகள் பலவிருந்தும், அகரவரிசையில் சொற்பொருள் கூறும் முறையை வளர்த்ததில் கிறிஸ்தவத் தொண்டர்களுக்குப் பெரும்பங்குண்டு. அன்டம் டி ப்ரொயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சாயிற்று. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-இல் உருவாயிற்று. வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி 1862-இல் 67,000-க்கும் மிகுதியான சொற்களோடு வெளிவந்தது. நாசரேத்துக்கு அண்மையிலுள்ள சாயர்புரத்தில் பணியாற்றிய ஜி. யு. போப் பாதிரியாரும் வாழ்நாள் முழுதும் சொற்குறிப்புகளைச் சேர்த்துவந்தார். அவர் 1908-இல் மறைந்தபின் அக்குறிப்புகள் சென்னையில் தொடங்கிய பேரகராதிப் பணிக்குப் பயன்பட்டன.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. சாண்ட்லர் பாதிரியார் தொடங்கிய பணியை, நெல்லைச் சீமையைச் சேர்ந்த ச. வையாபுரிப் பிள்ளை அவர்கள் நிறைவேற்றினார். ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்களும், 1939-இல் வெளிவந்த பின்னிணைப்பில் 13,357 சொற்களும் இடம்பெற்றன. நெல்லை வழக்கு, யாழ்ப்பாண வழக்கு என வட்டாரக் குறிப்புகளை அவ்வகராதி இட்டது. முகம்மதியர் வழக்கு என்னும் குறிப்பும் அதில் உண்டு. அத்துணைப் பெரும்பணியை நாம் நன்றியோடு போற்றுகின்றோம். எனினும் சிலர் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து செய்யும் அகராதி, நூல்களில் கண்ட சொல்லைப் பிடிக்கும் அளவுக்கு, முற்றத்திலும் அடுக்களையிலும் படகிலும் ஒலிக்கும் சொல்லைப் பிடிக்க இயலாது. அது உழைப்பின் குறையன்று, முறையின் எல்லை.

ஒன்றுகூடிச் சொல்லாக்கியோர்

இருபதாம் நூற்றாண்டில் அறிவியல் வளர்ந்தபோது தமிழுக்கு வேறொரு தேவை எழுந்தது. இருக்கும் சொல்லைத் தொகுப்பது போதாது. இல்லாத சொல்லை ஆக்கவும் வேண்டியிருந்தது. 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் அவர்தம் நண்பர்களும் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கம் கண்டனர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் அறிஞர் குழுக்களைக் கூட்டி, 1938-இல் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுதியை வெளியிட்டனர். தனியொருவர் படைத்த சொல்லைப் பலர் கூடி அலசி, ஏற்றும் தள்ளியும் முடிவு செய்யும் வழக்கம் அப்போது வேரூன்றியது.

இப்பணியில் நம் சமுதாயத்தின் பெயரை நிலைநாட்டியவர் மணவை முஸ்தபா அவர்கள். 1935-இல் பிறந்து 2017-இல் மறைந்த அப்பெருந்தகை, 1967-இல் தொடங்கிய ‘யுனெஸ்கோ கூரியர்’ தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். உலக அறிஞர்களின் கட்டுரைகளைத் திங்கள்தோறும் தமிழில் தரவேண்டிய கட்டாயம், அவரைச் சொல்லாக்கத்தில் ஈடுபடுத்தியது. மருத்துவம், கணினி, தொழில்நுட்பம் ஆகிய துறைகளுக்கு அவர் தொகுத்த கலைச்சொல் களஞ்சியங்கள், ஒரு நிறுவனம் செய்யத்தக்க வேலையைத் தனிமனிதர் ஒருவர் செய்ததற்குச் சான்று.

அரபு நாடுகளும் இதே தேவையைச் சந்தித்தன. 1932-இல் கெய்ரோவில் அரபு மொழிக் கழகம் நிறுவப்பட்டது. அந்நூற்றாண்டின் அரபியில் வேரூன்றிய சில சொற்கள் நமக்குப் பாடமாக அமையும். ‘சய்யாரா’ என்பது திருக்குர்ஆனின் யூசுப் அத்தியாயத்தில் பயணக் கூட்டத்தைக் குறிக்கும் சொல். இன்று அது மோட்டார் காரைக் குறிக்கின்றது. ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டப்பட்ட ஒட்டக வரிசையைக் குறித்த ‘கித்தார்’ இன்று தொடர்வண்டி. உருவம் காணாது குரல் மட்டும் கேட்கும் அழைப்பைக் குறித்த ‘ஹாத்திப்’ இன்று தொலைபேசி. தமிழரும் அவ்வாறே முடிமன்னரைக் குறித்த ‘வேந்தர்’ என்னும் சொல்லைப் பல்கலைக்கழகத் தலைவருக்குத் தந்தனர். மீன்பிடிக்கும் ‘வலை’யைக் கணினி உலகுக்கு விரித்தனர். பழஞ்சொல்லைப் புதிதாகக் காணும் கண், புதுச்சொல் படைக்கும் கைக்குச் சற்றும் குறைந்ததன்று.

எவரும் எழுதும் அகராதி

ஆங்கிலேயர் தம் பெருஅகராதியைத் தொகுத்தபோது, அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மரே 1879-இல் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். நூல்களைப் படித்துச் சொற்களையும் அவை வரும் தொடர்களையும் சிறு தாள்களில் எழுதியனுப்புமாறு கேட்டார். ஆயிரக்கணக்கானோர் எழுதியனுப்பினர். அப்பணி 1928-இல் முற்றுப்பெற்றது. ஆயினும் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்னும் முடிவு ஆசிரியர் குழுவிடமே இருந்தது.

2004-இல் தொடங்கிய ‘தமிழ் விக்சனரி’ அடுத்த படியில் ஏறியது. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பக்கம் உண்டு. பொருள், இலக்கணக் குறிப்பு, எடுத்துக்காட்டுத் தொடர், வேற்றுமொழிச் சொல், ஒலிப்பு, படம் ஆகியவற்றை எவரும் சேர்க்கலாம். பிழை கண்டால் திருத்தலாம். ஊதியம் பெறாத தன்னார்வலர்கள், தமிழகத்திலும் ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்தவாறு இதனை வளர்த்துள்ளனர். 2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற காலத்தில், தமிழ்நாட்டரசு தன்பால் இருந்த கலைச்சொல் தொகுப்புகளை இவ்வகராதிக்கு வழங்கியது. இன்று இதன் சொற்பக்கங்கள் மூன்று இலட்சத்தைக் கடந்துள்ளன. 1974-இல் பாவாணரை இயக்குநராகக் கொண்டு தொடங்கிய அரசின் அகரமுதலித் திட்ட இயக்ககமும், ‘சொற்குவை’ என்னும் பெயரில் கலைச்சொற்களை இணையத்தில் தொகுத்து வருகின்றது.

விக்சனரியில் நம்மைக் கவரும் ஏற்பாடு ஒன்றுண்டு. ஒரு பக்கத்தை யார் தொடங்கினார், யார் எதை மாற்றினார், எந்நாளில் மாற்றினார் என்னும் முழு வரலாறும் அப்பக்கத்தோடு பாதுகாக்கப்படுகின்றது. கருத்து வேறுபாடு எழுந்தால் வாதிப்பதற்கெனத் தனிப்பக்கம் இருக்கின்றது. ஹதீஸ் கலையின் அறிவிப்பாளர் தொடரோடு இதனை ஒப்பிடுவது பொருந்தாது. அதன் கடுமையும் தூய்மையும் வேறு. எனினும், “சொன்னது யார்?” என்று கேட்டுப் பழகிய ஒரு சமுதாயத்துக்கு இம்முறையின் அருமை எளிதில் விளங்கும்.

குறைகளும் இல்லாமலில்லை. கணினி நிரலின் துணையால் மொத்தமாக ஏற்றப்பட்ட பக்கங்கள் பலவற்றில், ஓர் ஆங்கிலச் சொல்லும் அதற்கு நேரான ஓரிரு தமிழ்ச் சொற்களும் மட்டுமே உள்ளன. எவரும் வழங்காத புனைசொற்களும் நுழைந்துவிடுகின்றன. சான்று காட்டாத பொருள் விளக்கங்களும் உண்டு. இலட்சக்கணக்கில் சொற்கள் இருப்பது பெருமையே. ஆனால் அவற்றுள் எத்தனை சொற்களுக்கு மக்கள் வாயிலிருந்து எடுத்த எடுத்துக்காட்டு இருக்கின்றது என்பதே அகராதியின் உண்மையான அளவுகோல். அவ்விடத்தில்தான் நம்மைப் போன்றோரின் தேவை எழுகின்றது.

நாம் எழுதவேண்டியவை

‘ஆணம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். குழம்பைக் குறிக்கும் இச்சொல் பேரகராதியில் இருக்கின்றது. ஏனைய தமிழர் பேச்சிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்ட அதனைப் புளியாணம், மீனாணம் என்று நம் அடுக்களைகள் உயிரோடு காத்துவருகின்றன. செருப்பை ‘நடையன்’ என்போர் நம்மிடையே இருக்கின்றனர். காலை உணவைப் ‘பசியாறுதல்’ என்கிறோம். அவையும் களரியும் கூடுமிடத்தைக் குறித்த ‘களரி’ என்னும் சொல், காயல்பட்டினத்தில் திருமண விருந்தைக் குறிக்கின்றது. இவற்றைக் கேட்கும் வெளியூரார், ‘இது முஸ்லிம் பாஷை’ என்று நகைப்பதுண்டு. நகைப்புக்கு அஞ்சிப் பள்ளியிலும் அலுவலகத்திலும் நம் பிள்ளைகள் இச்சொற்களை விழுங்கிவிடுகின்றனர். தாம் மறைப்பது பழந்தமிழ் என்பதை அவர்கள் அறியார். அதனை அவர்களுக்குக் காட்டும் இடம் அகராதியே.

உறவுப் பெயர்களும் அத்தகையவை. வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா, சாச்சா, சாச்சி என்பன ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. எந்த ஊரில் எந்த உறவை எப்படி அழைக்கின்றனர் என்பதை ஊர்ப்பெயரோடு குறித்தால், குடும்பங்கள் எங்கிருந்து எங்குக் குடிபெயர்ந்தன என்னும் வரலாற்றுக்கே அது சான்றாகும்.

கடலின் சொற்களோ இன்னும் விரைவாகத் தேய்கின்றன. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-இல் நடந்ததோடு ஓய்ந்துவிட்டது. முத்துக்குளிப்பைக் குறித்த ‘சலாபம்’ என்னும் சொல்லை இன்று எத்தனை பேர் அறிவர்? முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைப்பரப்பைப் ‘பார்’ என்றனர். தோலாயிரம் பார் என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. வடக்கிலிருந்து வீசுவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம். தோணியை நடத்துபவர் தண்டல். பரதவர், மரைக்காயர் என்ற வேறுபாடின்றிக் கடலில் இறங்கியோர் யாவரும் வழங்கிய சொற்கள் இவை. இவற்றுள் அகராதியில் ஏறியவையும் வெறும் பொருளோடு நிற்கின்றன. அச்சொல்லைப் பேசிய கிழவரின் ஒரு தொடரேனும் உடனிருந்தால் அதன் உயிர் விளங்கும்.

வாதத்துக்குரிய சொற்களும் உண்டு. ‘மரைக்காயர்’ என்பது மரக்கலராயர் என்பதன் திரிபு என்பார் ஒரு சாரார். கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது என்பார் மற்றொரு சாரார். நமக்கு விருப்பமான கருத்தை மட்டும் எழுதி மற்றதை அழிப்பது நேர்மையாகாது. இரண்டையும் எழுதி, இன்னார் கருத்து இது என்று காட்டுவதே அறிவுடையோர் வழி. அரபி மூலத்தைச் சொல்லுவதால் ஒரு சொல்லின் தமிழ்த்தன்மை குறைந்துவிடாது. தமிழ் மூலத்தைச் சொல்லுவதால் நம் மார்க்கத்துக்கும் குறைவு நேராது.

இதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. முதியவர் ஒருவர் பேச, இளையவர் ஒருவர் எழுதினால் போதும். சொல், அது வழங்கும் ஊர், அதன் பொருள், அது வரும் ஒரு தொடர் ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு, கையிலுள்ள அலைபேசி வழியாகவே அகராதியில் சேர்த்துவிடலாம். ஐயமான சொல்லை வாதப்பக்கத்தில் வினவலாம். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த ஆலிம் பெருமக்கள் நம்மிடையே உள்ளபோதே, வீட்டுப் பரண்களில் கிடக்கும் பழைய ஏடுகளை அவர்களிடம் கொடுத்துப் படிக்கக் கேட்டு, அவற்றின் சொற்களையும் எழுதிவைத்தல் வேண்டும். நம் மதரசாக்களும் கல்லூரிகளும் விடுமுறைக் காலத்தில் இதனை மாணவர்க்கு ஒரு பணியாகத் தரலாம்.

பேரகராதியின் காலத்தில், நம் சொற்கள் விடுபட்டதற்குத் தொகுத்தோரைக் காரணம் காட்ட இயன்றது. வாயில் திறந்திருக்கும் இந்நாளில் அவ்வாறு பிறரைச் சுட்ட வழியில்லை. பாட்டிமார் பலர் இன்னும் நம்மோடு இருக்கின்றனர். அவர்களுடைய சொற்களும் இருக்கின்றன. நாம் எழுதினால் அவை தமிழின் பொதுச்செல்வமாகும். எழுதாவிடில் அவர்களோடு அவையும் மண்ணறைக்குச் செல்லும்.